ராசா காதில் விழாத சேதி

எங்க ராசா கல்யாணமான வருஷமே செத்துட்டாரு, அதுக்கப்புறம்தான் அவரு நாட்டை முழுசா ஆள ஆரம்பிச்சாரு. சிரிக்கணும்னா சிரிச்சுக்குங்க, எனக்கொண்ணும் வருத்தமில்ல. நான் சாமரம் வீசுறவ, பேரு வெள்ளத்தாயி, சிம்மாசனத்துக்குப் பின்னால கையெட்டுற தூரத்துல நின்னு அவரு ஆட்சி பூராத்தையும் பிடரிப் பக்கமா பாத்தவ. முன்னால நின்னு பாத்தவங்க ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க, அவங்களுக்குப் பயம். ராசாவோட பிடரிக்கு யாரும் பயப்படுறதில்ல, அதனால நான் சொல்றதைக் கேளுங்க.

எங்க ஏழாங்கரைச் சீமையில ஒரு சட்டம் உண்டு. யாரு வீட்டுல சாவு விழுந்தாலும் அந்தச் சேதி முதல்ல ராசா காதுல விழணும். காலையில சபை கூடினதும் சாவு வீட்டுக்காரங்க வந்து நடுவுல கிடக்கிற கருங்கல்லு மேல நிப்பாங்க. யாரு, எப்படி, பேரென்ன, பின்னால யாரு இருக்கான்னு ராசா கேப்பாரு, கேட்டு முடிச்சு, 'அழுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு. அந்த வார்த்தை கிடைச்ச பிறகுதான் மேளம், ஒப்பாரி, பாடை எல்லாம். கிடைக்கிற வரைக்கும் அது சாவே இல்ல, படுத்திருக்கிற ஆளு சும்மா படுத்திருக்காரு, அவ்வளவுதான். சண்டைக்கு ஆளனுப்புறவன் செத்தவன் பேரைத் தன் காதால கேக்கட்டும், கேட்டா அடுத்த தடவை அனுப்பறப்ப கை கொஞ்சமாவது நடுங்கும்னு எந்தக் காலத்து ராசாவோ யோசிச்சுப் போட்ட சட்டம். நல்ல மனுஷனாத்தான் இருந்திருக்கணும்.

எங்க ராசா பட்டத்துக்கு வந்து, தாழையூர்ப் பொண்ணு அரியநாச்சியைக் கட்டி, வாசல்ல கட்டின மாவிலை காயறதுக்குள்ள கீழ்க்கரைக்காரங்களோட சண்டை வந்துச்சு. ஆத்துத்துறையில முழங்கால் தண்ணியில நின்னு சண்டை போட்டவரு நெஞ்சுல ஒரு ஈட்டி பாஞ்சு முதுகுல வந்துச்சு. பக்கத்துல நின்ன படைவீரன் கச்சிராயன் மடியில தாங்கி, கண்ணை மூடிவிட்டு, குதிரையைத் தட்டிவிட்டு அரண்மனைக்கு ஓடிவந்தான். சபையில சிம்மாசனம் காலியா இருந்துச்சு, பக்கத்துல மந்திரி அறவாழி நின்னுக்கிட்டிருந்தாரு. சட்டத்தைத் தலைகீழாச் சொல்லச் சொன்னாலும் சொல்ற ஆளு அவரு.

"ஐயா, சாவுச் சேதி கொண்டாந்திருக்கேன்"னான் கச்சிராயன்.

"ராசா காதுல விழாம எந்தச் சாவுச் சேதியும் இந்தச் சபையில பேசக் கூடாது. ராசா வரட்டும்."

"ஐயா, ராசாவே..."

"வாயை மூடு! சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ராசா வரட்டும்."

ஆக, ராசா செத்த சேதியை ராசாகிட்ட சொல்றதுக்காக நாங்க எல்லாரும் ராசாவுக்காகக் காத்துக்கிட்டு நின்னோம். அறவாழி நின்னாரு, தளபதிக நின்னாங்க, சன்னலுக்கு அந்தப் பக்கம் அரியநாச்சி நின்னுச்சு, நான் காலி நாற்காலிக்குச் சாமரம் வீசிக்கிட்டு நின்னேன். ஊரே அப்படி ஒரே நினைப்பா வாசலைப் பாத்துக்கிட்டு நின்னா வராதவங்களும் வந்துதான் ஆகணுமோ என்னவோ, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ராசா வந்தாரு. நடந்துதான் வந்தாரு. வேட்டி நுனியில ஆத்துத் தண்ணி சொட்டுது, நெஞ்சுல ஈட்டி போன ஓட்டை அப்படியே இருக்கு, அவரு என்னைத் தாண்டி உக்காரும்போது அந்த ஓட்டை வழியா எதிர்த் தூணுல எரியுற விளக்கு எனக்குத் தெரிஞ்சுது.

"என்னய்யா எல்லாரும் மலைச்சுப்போய் நிக்கிறீங்க? என்ன சேதி?"னு கேட்டாரு.

கச்சிராயன் மந்திரியைப் பாத்தான், மந்திரி உத்தரத்தைப் பாத்தாரு. "ஜெயிச்சுட்டோம் ராசா"ன்னுட்டான் கச்சிராயன். பொய்யில்ல அதுவும், பின்னால தெரிஞ்சுது, செத்தவரு எந்திரிச்சு நடந்ததைப் பாத்த கீழ்க்கரைக்காரங்க ஓடின ஓட்டத்துல செருப்பைக்கூட எடுக்கல. அரியநாச்சி சன்னலை விட்டு வந்து, ஓட்டையை ஒரு தடவை பாத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, "வாங்க, வெந்நி போட்டு வச்சிருக்கேன்"னு உள்ள கூட்டிட்டுப் போயிருச்சு.

ஏன்டி யாரும் சொல்லலைன்னு என்கிட்ட எத்தனையோ பேரு கேட்டிருக்காங்க. உங்க மாமனாருகிட்டப் போய் உங்க வாய் நாறுதுன்னு சொல்லிப் பாத்துட்டு வாங்க, அப்புறம் ராசாகிட்ட நீங்க செத்துட்டீங்கன்னு எப்படிச் சொல்றதுன்னு பேசுவோம். முதல் நாள் சொல்லியிருக்கலாம். ரெண்டாம் நாள் சொன்னா, நேத்து ஏன் சொல்லலைன்னு கேப்பாரு. ஒரு மாசம் கழிச்சுச் சொன்னா கழுத்து இருக்காது. வருஷம் ஆக ஆக அது சொல்லக்கூடிய சேதியாவே இல்லாமப் போச்சு, அப்புறம் எங்களுக்குப் பழகிப்போச்சு.

என்னத்தைச் சொல்ல, எப்படியெல்லாம் பழகிப்போச்சுங்கிறீங்க! தாடி வளராத முகத்துக்கு அம்பட்டையர் வாராவாரம் வந்து தண்ணி தடவி, கத்தியை மேல படாம ஓட்டி, "இந்தத் தடவை ரோமம் கொஞ்சம் முரடுங்க"ன்னு சொல்லிட்டுப் போவாரு. வைத்தியர் மணிக்கட்டைப் புடிச்சு, துடிக்காத நாடியை ரொம்ப நேரம் கண்ணை மூடிக் கேட்டுட்டு, "நாடி நிதானமா இருக்குது, நிதானம்னா அப்படியொரு நிதானம்"பாரு. நெஞ்சு ஓட்டையை மறைக்கத் தட்டான் ஒரு பொன் வட்டம் செஞ்சு மாட்டிவிட, அதைப் பாத்து ஊர்ப் பயலுக எல்லாம் பித்தளையில ஒண்ணு செஞ்சு மாட்டிக்கிட்டு அலைஞ்சானுக, வட்டம் மாட்டாத மாப்பிள்ளைக்குப் பொண்ணு கொடுக்க மாட்டேன்னு சொன்ன வீடும் இருந்துச்சு. நாய்க அவரைக் கண்டா குலைக்காம ஊளையிட்டதால நாய்களையெல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு விட்டோம். என் சாமரம் இருக்கே, அது முதல்ல காத்துக்கு வீசினது, அப்புறம் ஈக்கு வீசினது.

பேச்சும் மாறிப்போச்சு. அவரு காதுபட அந்த வார்த்தை வந்துரக் கூடாதுன்னு முதல்ல அரண்மனையில பயந்தாங்க, அப்புறம் கடைத்தெருவுல பயந்தாங்க, கடைசியில அடுப்படி வரைக்கும் வந்துருச்சு. 'செத்த இருங்க, வந்துர்றேன்'னு சொல்றதை விட்டோம், அதுல செத்த இருக்கு. 'சாவகாசமா வாங்க'ன்னு சொல்றதை விட்டோம், அதுல சாவு எட்டிப் பாக்குது. பூட்டுக்குச் சாவின்னு சொல்லாம தொறப்புன்னு சொன்னோம். என் சின்னம்மா மக வெளியூருல வாக்கப்பட்டவ, இங்க வந்து நின்னு, 'செத்த அந்தச் சாவியை எடுங்கக்கா'ன்னுட்டா, நான் பதறிப்போய் அவ வாயைப் பொத்தினேன். அவ என்னைப் பைத்தியம்னு நினைச்சுக்கிட்டா.

இதெல்லாம் கேலிக்குச் சொல்லலாம், ஆனா செத்த ராசா சண்டைக்குப் போறது கேலி இல்ல. அவரு மேல ஈட்டி பாயும், புடுங்கிப் போட்டுட்டுச் சிரிப்பாரு. அம்பு தைக்கும், முள்ளு எடுக்கிறாப்புல எடுத்துப் போட்டுட்டு நடப்பாரு. தன் வீரத்தாலதான் ஒண்ணும் ஆகலைன்னு நம்புனாரு, அதுதான் எங்களைப் புடிச்ச கேடு. கீழ்க்கரை போச்சு, மணல்மேடு போச்சு, மலையடிவாரத்து ஏழு ஊரும் போச்சு. அவரு முன்னால போவாரு, பின்னால போன எங்க ஆம்பளைங்களுக்கு உடம்புல உசிரு இருந்துச்சே, அவங்க விழுந்தாங்க. மறுநாள் கருங்கல்லு மேல நிக்கிற கூட்டம் வாசல் தாண்டித் தெருவுல வளைஞ்சு நிக்கும். ஆரம்பத்துல ஒவ்வொரு பேரையும் கேட்டு அவரு அதைத் திருப்பி ஒரு தடவை சொல்லுவாரு. போகப் போக, "ஏம்மா, ஈட்டி வருதுன்னா குனிய வேண்டியதுதானே? எனக்கெல்லாம் வலிக்கவே இல்லையே"ன்னு நிசமாவே புரியாமக் கேப்பாரு. கேட்டுட்டுக் கையை ஒரு வீசு வீசி, "அழுங்க, அழுங்க. அடுத்து யாரு?"

என் வீட்டுக்காரரு மணல்மேட்டுல விழுந்தாரு. சேதி சொல்ல என் கொழுந்தன் கல்லு மேல ஏறி நின்னப்ப நான் ராசாவுக்குப் பின்னால நின்னு வீசிக்கிட்டிருந்தேன். யாரு, எப்படின்னு கேட்டாரு, பின்னால யாரு இருக்கான்னு கேட்டாரு, என் கொழுந்தன் கையை நீட்டி, "அந்தா, உங்களுக்குப் பின்னாலதாங்க இருக்கு"ன்னான். ராசா திரும்பிக்கூடப் பாக்கல. அழுங்கன்னாரு. நான் அழுதேன், அழுதுக்கிட்டே வீசினேன், கையை நிறுத்தினா ஈ உக்காந்துரும். எனக்கு அப்ப அவரு மேல வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சாமரக் காம்பாலயே மண்டையில ஒண்ணு போட்டிருப்பேன், போட்டாலும் அவருக்கு வலிக்கவா போகுது?

இப்படி அக்கம்பக்கத்து ஊரெல்லாம் தீந்து, சண்டை போட வேற இடம் இல்லாம, கடைசியில தாழையூர்தான் பாக்கின்னு ஒரு நாள் சபையில முடிவாச்சு. அரியநாச்சி பொறந்த ஊரு அது. அங்க அதோட அண்ணன் இருக்காரு, கண்ணு சரியாத் தெரியாம வாசல்ல கட்டிலைப் போட்டுக் கிடக்காரு. "என் மச்சானுக்கு என்ன, நல்ல ஆளுதான். ஆனா ஒரு ஊரை மட்டும் விட்டு வச்சா மத்த ஊருக்காரன் என்ன நினைப்பான்?"னாரு ராசா. மத்த ஊருல நினைக்கிறதுக்கு ஆளே இல்லைங்கிறது அவருக்குத் தோணல. விடிஞ்சா படை கிளம்புதுன்னு முரசறைஞ்சாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் அரியநாச்சி என்னைக் கூப்பிட்டனுப்புச்சு. கிணத்தடியில முடியை அவுத்துப் போட்டு உக்காந்திருந்துச்சு.

"வெள்ளத்தாயி, இந்தத் தலையைக் கழுவிவிடு."

"என்ன நாச்சியாரே, அவுரிச் சாயம் போயிருமே?"

"போகட்டும்னுதான் சொல்றேன்."

சீயக்காய் போட்டுத் தேச்சேன், தேக்கத் தேக்கக் கருப்பு ஓடி வாய்க்கால்ல போச்சு. அரண்மனையில யாருக்கும் நரைக்கக் கூடாதுன்னு எழுதாத சட்டம் இருந்துச்சு, அவரு வயசு நின்ன இடத்துலயே எல்லாரும் நின்னாகணுமில்ல? மந்திரி மீசைக்கு மை, நாச்சியார் தலைக்கு அவுரி. கழுவி முடிச்சப்ப தலை மொத்தமும் பஞ்சா வெளுத்துக் கிடந்துச்சு.

"சொல்லப் போறீங்களா?"ன்னேன்.

"சொன்னா என் புருஷன் போயிருவாரு. சொல்லாட்டி என் அண்ணன் போயிருவான். நீயா இருந்தா என்ன பண்ணுவே?"

"என்னைக் கேட்டா? எனக்குத்தான் ரெண்டும் இல்லையே"ன்னேன், கொஞ்சம் வெடுக்குனுதான் சொன்னேன்.

அது கோவிச்சுக்கல. முடியைத் துவட்டிக்கிட்டே பேசுச்சு. "உங்களுக்கெல்லாம் அவரு சபையில இருக்கிற ராசா. எனக்கு அப்படி இல்லடி. தினம் சாயங்காலம் வீட்டுக்கு வருவாரு, வந்ததும், 'நாச்சி, இன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?'ன்னு ஆரம்பிப்பாரு. தாயக்கட்டையில தோத்தா முகத்தைத் தூக்கி வச்சுக்குவாரு. உடம்பு சில்லுனு இருக்கும், நான் போர்வையைப் போத்திவிடுவேன். நேத்து கட்டிக்கிட்டு வந்தவளைப் பாக்கிறாப்புல பாப்பாரு. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். அப்படித் தள்ளிப்போட்டதுலதான் உன் வீட்டுக்காரனும் போனான், எனக்குத் தெரியும்."

நான் துண்டை வாங்கிப் பிழிஞ்சு காயப் போட்டேன்.

காலையில படை வாசல்ல நிக்குது, குதிரைக காலைத் தட்டுது, கிளம்புறதுக்கு முன்னால சாவுச் சேதி கேக்கிற வேளை. அன்னிக்குக் கல்லு காலியா இருந்துச்சு, எங்கயும் சாவு இல்ல. ராசா எந்திரிக்கப் போனாரு. அப்ப சனங்க வர்ற வாசல் வழியா அரியநாச்சி வந்துச்சு, வெள்ளைத் தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு வந்து கருங்கல்லு மேல ஏறி நின்னுச்சு.

"நாச்சி! தலைக்கு என்ன ஆச்சு?"ன்னு பதறினாரு ராசா.

"நரைச்சுருச்சுங்க."

அறவாழிக்கு அதுக்குள்ள விளங்கிருச்சு. தள்ளாத வயசுல தடியை ஊணிக்கிட்டு ஓடி வந்து, "அம்மா, வேண்டாம்மா, உங்க காலைப் புடிச்சுக் கேக்கிறேன்"ன்னாரு.

"நீங்க தள்ளி நில்லுங்க மந்திரியாரே. நான் சாவு வீட்டுக்காரி, சட்டப்படிதான் வந்திருக்கேன்"னு சொல்லிட்டு ராசாவைப் பாத்துச்சு. "எங்க வீட்டுல ஒரு சாவுங்க."

"ஐயோ! மச்சானா?"

"இல்லீங்க. என் வீட்டுக்காரரு."

ராசா முதல்ல சிரிச்சாரு, யாரும் கூடச் சிரிக்கல, சிரிப்பை நிறுத்தினாரு. அப்புறம் எத்தனையோ வருஷமா நாக்குல ஊறின பழக்கம், கேள்வி தானா வந்துருச்சு.

"எப்படி?"

"ஆத்துத்துறையில. ஈட்டி பாஞ்சு."

"எப்ப?"

"கல்யாணம் ஆன வருஷம்."

அவரு கை பொன் வட்டத்து மேல போச்சு. அதைத் தூக்கி உள்ள விரலை விட்டுப் பாத்தாரு. பின்னால நின்ன எனக்கு அந்த விரல் நுனி தெரிஞ்சுது.

"பேரென்ன?"ன்னாரு, குரல் இறங்கிப்போச்சு.

இங்கதான் சிக்கல் வந்துச்சு. பொண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ற வழக்கம் எங்க பக்கம் இல்ல. கல்லு மேல நிக்கிற எந்தப் பொம்பளைக்கும் பேரைச் சொல்லப் பக்கத்துல ஒரு ஆளு வேணும், எனக்கு என் கொழுந்தன் சொன்னான். நாச்சியார் இந்தப் பக்கம் பாத்துச்சு, அந்தப் பக்கம் பாத்துச்சு. தளபதிக தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அறவாழி உத்தரத்தைப் பாத்தாரு, எத்தனை வயசானாலும் அவரு அதைத்தான் பாப்பாரு. பேரில்லாம சேதி செல்லாது, சேதி செல்லாட்டி படை கிளம்பிரும்.

"மருதையன்"னுச்சு அரியநாச்சி.

கல்யாணம் ஆன நாள்லேருந்து அது வாயில வராத பேரு. சொல்லிட்டு உதட்டை முந்தானையால துடைச்சுக்கிச்சு. எங்களுக்குமே அந்தப் பேரு மறந்துபோயிருந்துச்சு, அது யாரோ சின்னப் பையன் பேரு மாதிரி இருந்துச்சு. என் கை நின்னுபோச்சு. ஒரு ஈ வந்து ராசா கன்னத்துல உக்காந்துச்சு, அவரு அதை ஓட்டல.

"ஒருத்தர்கூடச் சொல்லலையே"ன்னாரு. கோவமாச் சொல்லல. "இத்தனை பேரு இருந்தீங்களே. ஒருத்தர்கூட..."

"நான்தாங்க சொல்லியிருக்கணும். எனக்கு மனசு வரல. நீங்க தினம் வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தீங்க."

அவரு கல்லுக்கு முன்னால தேஞ்ச தரையைப் பாத்துக்கிட்டே இருந்தாரு, வந்து நின்னவங்க காலு தேச்ச தரை. அவரு உதடு அசைஞ்சுது, ஏதோ பேருகளைத்தான் சொல்லிப் பாத்தாருன்னு நினைக்கிறேன், எத்தனை ஞாபகம் வந்துச்சோ தெரியாது. அப்புறம் கடைசிக் கேள்வியைக் கேட்டாரு.

"பின்னால யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

கையை வீசல அவரு. "அழு நாச்சி"ன்னாரு, அப்படியே ஒரு பக்கமா சாஞ்சாரு.

உத்தரவு வந்தாச்சு. ஊரு பூரா அழலாம். ஆனா யாருக்கும் அழுகை வரல, உள்ளதைச் சொல்றேன். வாசல்ல நின்ன படை சேதி கேட்டுச்சு, ஒவ்வொருத்தனா ஈட்டியைச் சுவத்துல சாத்திட்டு, நெஞ்சு வட்டத்தைக் கழட்டி வச்சுட்டு நிழல்ல உக்காந்துட்டான். எவனோ ஒருத்தன் வெத்திலை போட்டான். நானும் எனக்கு வருமான்னு பாத்தேன், வரல. அரியநாச்சி ஒருத்திதான் அவரை வெளி முத்தத்துக்குக் கொண்டு வரச் சொல்லி, தலையை மடியில எடுத்துப் போட்டுக்கிட்டு, இத்தனை வருஷத்துக்கும் சேத்து வாய்விட்டு அழுதுச்சு.

அப்பத்தான் மலையடிவாரத்துப் பொம்பளைங்க விறகு விக்க வந்தாங்க. ராசாவைக் கிட்டத்துல பாத்தவங்க இல்ல அவங்க, அவரு எரிச்ச ஊருலேருந்து பிழைச்சுக் கிடந்தவங்க. முத்தத்துல ஒரு வெள்ளைத்தலைக் கிழவி மடியில மீசைகூடச் சரியா முளைக்காத ஒரு பையன் நெஞ்சுல ஓட்டையோட கிடக்கிறதைப் பாத்தாங்க. "அடிப் பாவி மகளே, உன் பிள்ளையையும் அந்த ராசா வாங்கிட்டானா!"ன்னு ஒருத்தி விறகுக் கட்டைத் தொப்புனு போட்டா. மத்தவங்களும் போட்டாங்க. அரியநாச்சியைச் சுத்தி உக்காந்து தோளைக் கட்டிக்கிட்டு, அவங்கவங்க பிள்ளை பேரைச் சொல்லி மாரடிச்சு அழுதாங்க, ஒருத்தி அவரு கன்னத்தை வழிச்சுத் தன் நெத்தியில நெரிச்சுக்கிட்டு, "என் ராசா, என் கண்ணு"ன்னா.

இவருதாம்மா அந்த ராசான்னு சொல்ல நான் வாயெடுத்தேன். அரியநாச்சி நிமிந்து என்னைப் பாத்துச்சு.

நான் சொல்லல. அவருக்காக அழ வேற யாரும் இல்ல.